எல்லையோரக் குழந்தைகள் இல்லங்களில் நூலகம் தொடங்குவோருக்கு

குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு நூலகம் அமைத்துத் தர முன்வருகிறவர்கள் பெரும்பாலும் புத்தகம் சேர்ப்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனப் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர்களில் இந்த வேலையைப் பார்த்துவரும் எங்கள் சிறு அறக்கட்டளையின் அனுபவம் வேறொரு வரிசையைச் சொல்கிறது: முதலில் சாவி, அடுத்து நேரம், அதன்பின் மொழி, கடைசியில்தான் புத்தகம். அலுவலக அறையில் கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால், நன்கொடையாளரின் பெயர் சிவப்புச் சாயத்தில் பொறித்த கண்ணாடி அலமாரிக்குள், அச்சு வாசனை மாறாத புத்தகங்கள் பூட்டிக் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். அவற்றை வாங்கித் தந்தவர்கள் நல்லவர்கள். தேர்ந்தெடுத்த நூல்களும் நல்லவையே. யார் திறப்பது, எப்போது திறப்பது என்று மட்டும் யாரும் பேசி வைக்கவில்லை.

முதலில் இல்லத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 41ஆவது பிரிவு, இத்தகைய இல்லங்கள் அனைத்தும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் அது பெரும்பாலும் சுவரிலேயே சட்டமிட்டு மாட்டியிருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் எழுதி, நீங்கள் யார், வாரத்தில் எந்த நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள், எவ்வளவு காலத்திற்கு வருவீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுவது, பின்னால் கண்காணிப்பாளர் மாறும்போதும் உங்கள் வேலை தடைப்படாமல் இருக்க உதவும்.

இந்த இல்லங்களில் இருக்கும் எல்லாக் குழந்தைகளும் பெற்றோரை இழந்தவர்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். தாயோ தந்தையோ உயிருடன் இருந்தும், நோயாலும் கடனாலும் செங்கல் சூளைக்கும் தோட்டத்திற்கும் இடம்பெயர்ந்து போகும் பிழைப்பாலும் இங்கே சேர்க்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. சட்டத்தின் நோக்கமும் குழந்தையைக் கூடுமானவரை குடும்பத்திடம் திரும்பச் சேர்ப்பதுதான். இல்ல வாசம் கடைசி வழியாகவே கருதப்படுகிறது. இதிலிருந்து நூலகத்திற்கு நேரடியான இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. புத்தகத்தில் குத்தும் முத்திரையில் 'அநாதை இல்லம்' என்ற சொல் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பையில் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகும் பிள்ளை, பக்கத்து இருக்கைக்காரன் அதைப் படித்துவிடுவானோ என்று அஞ்சியே அதை வெளியில் எடுக்காது. நூலகத்திற்குக் குழந்தைகளே ஒரு பெயர் வைக்கட்டும். அந்தப் பெயர் மட்டும் முத்திரையில் போதும். அடுத்தது படம் எடுப்பது. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், முகம், பள்ளி ஆகிய அடையாளங்களை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால், அலமாரியைப் படமெடுங்கள். இரவல் பதிவேட்டைப் பெயர்களை மறைத்துப் படமெடுங்கள். புத்தகம் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிந்தாலும் போதும்.

சாவியும் நேரமும்

கண்காணிப்பாளருடன் நடக்கும் முதல் பேச்சிலேயே சாவியைப் பற்றிப் பேசிவிடுங்கள். பூட்டே இல்லாத திறந்த அலமாரிதான் சிறந்தது என்பது எங்கள் நிலைப்பாடு. ஆனால் இல்லத்தின் பொருள் பட்டியலுக்குப் பொறுப்பேற்றுத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பதால், அவருடைய அச்சமும் நியாயமானதே. ஆகவே ஒரு வாக்குறுதியை எழுத்தில் கொடுங்கள்: தொலைந்த புத்தகத்திற்கும் கிழிந்த புத்தகத்திற்கும் அறக்கட்டளையே பொறுப்பு, குழந்தையிடமோ ஊழியரிடமோ அதற்கான பணம் வசூலிக்கப்படாது. இந்த ஒரு தாள் கையில் கிடைத்ததும் பூட்டைக் கழற்றிய கண்காணிப்பாளர்கள் உண்டு. ஆண்டுதோறும் நூறு புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு போய்விடும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தில் புத்தகத்தை யாரும் தொடவில்லை என்று பொருள்.

அப்படியும் பூட்டுதான் வேண்டும் என்றால், சாவியைக் குழந்தைகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்ற மூன்று வயதுப் பிரிவுகளுக்கும் இல்லத்தில் குழந்தைகள் குழு அமைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. பல இடங்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது. நூலகப் பொறுப்பை அந்தக் குழுவிடம் ஒப்படைத்தால் குழுவுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆகும்.

நேரத்தைத் தேடுவது கடினமான காரியம். காலையில் எழுந்தது முதல் குளியல், பிரார்த்தனை, பள்ளி, துணி துவைத்தல், படிப்பு நேரம், இரவுச் சாப்பாடு என்று இல்லத்துப் பிள்ளையின் நாள் மணியடித்து நகர்வது. அதற்குள் புதிதாக ஒரு மணியைச் செருகினால், வாசிப்பும் இன்னொரு கடமையாகிவிடும். பாடம் படிக்கும் நேரத்தில் கதைப் புத்தகத்தை அனுமதிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது நிற்காது. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் விளக்கணைக்கும் வரையிலான அரை மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை முற்பகலும் பொதுவாகக் கிடைக்கக்கூடியவை. படுக்கைக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் என்ற அனுமதியை எப்படியாவது வாங்கிவிடுங்கள். சொந்தமென்று ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தலையணையும் மட்டுமே உள்ள குழந்தைக்குத் தலையணைக்கடியில் ஒரு புத்தகம் இருப்பது சிறிய விஷயமல்ல. கூடத்தின் விளக்கு வாசிக்கப் போதுமான வெளிச்சம் தருகிறதா என்று இரவில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் போதாது, ஓர் எல்.ஈ.டி. குழல்விளக்குக்கும் செலவு ஒதுக்க வேண்டியிருக்கும்.

எந்த மொழியில்

சித்தூர் வட்டத்தில், அதாவது பாலக்காட்டுச் சித்தூரில், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள் சிலர் தமிழ்வழிப் பிரிவிலும் சிலர் மலையாளவழியிலும் படிக்கிறார்கள். மலையாளவழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் காதுக்கும் நாவுக்கும் உரிய மொழி, மலையாளம் கண்ணுக்கு உரிய மொழி; தமிழ் எழுத்து அதற்கு அன்னியம். தமிழ்க் குழந்தைகள்தானே என்று தமிழ்ப் புத்தகத்தை மட்டும் இறக்கினால் பாதிப் பேர் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். கேரளம்தானே என்று மலையாளத்தை மட்டும் அடுக்கினால், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன ஆண்டு வந்த பிள்ளை விலகி நிற்கும். ஆகவே புத்தகம் வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மொழிகளிலும் இருபது முப்பது படக்கதைகளைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், அது பரீட்சையாகிவிடும். கை எந்தப் புத்தகத்திற்குப் போகிறது, எத்தனை பக்கம் புரட்டிய பிறகு கீழே வைக்கப்படுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் வாங்க வேண்டிய பட்டியலில் பாதி தானே எழுதப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட ஒரு காலையில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மலையாளப் படக்கதை ஒன்றை மடியில் விரித்து, வரிவரியாகக் கண்ணால் மலையாளத்தைப் படித்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சிறுமி படத்தின்மேல் விரல் வைத்து, "அக்கா, ஆனை எதுக்கு அழுவுது?" என்றாள். "அழுவலை கண்ணு, தும்முது பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள் பெரியவள். இல்லத்தில் உரக்க வாசித்துக் காட்டும் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன்னால் இவளைப் போன்றவர்களைத் தேடுங்கள். பதின்மூன்று வயதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, சிறியவர்களுக்குப் படித்துக்காட்டும் பொறுப்பை ஏற்றால், முதல் வகுப்புப் புத்தகத்தை வெட்கமின்றிக் கையில் எடுக்க அதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒரே கதையின் தமிழ்ப் பதிப்பையும் மலையாளப் பதிப்பையும் அடுத்தடுத்து வைப்பது எல்லைப்புறத்தில் மிகவும் பயன்படும் உத்தி. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே படக்கதையைத் தமிழ், மலையாளம், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் வெளியிடுகிறது. இருமொழிப் பதிப்புகளும் அவர்களிடம் உண்டு. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை விலை குறைவானது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், வேண்டியதைத் தரவிறக்கி உள்ளூர் அச்சகத்தில் பெரிய அளவில் அச்சடித்து, கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும் புத்தகமாகக் கட்டிக்கொள்ளலாம். மலையாளத்திற்கு, திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட கேரள மாநிலப் பாலசாகித்ய இன்ஸ்டிட்யூட்டின் நூல்களைப் பாருங்கள். அவர்களுடைய 'தளிர்' இதழையும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழையும் சந்தா கட்டி வரவழைத்தால் மாதம் ஒருமுறை நூலகத்திற்குப் புதிய வரவு இருக்கும். இல்லத்தின் முகவரிக்குத் தபாலில் ஒன்று வருவதே பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. ஆந்திரப் பக்கத்தில் நகரி, குப்பம் போன்ற ஊர்களில் தொடங்குகிறவர்கள் மலையாளத்தின் இடத்தில் தெலுங்கை வைத்து இதே முறையைப் பின்பற்றலாம்.

தமிழ்ப் புத்தகங்களை நேரில் பார்த்து வாங்க ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழா வசதியானது. வாளையாறு வழியாகப் பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடலாம். தபாலில் அனுப்புவோருக்கு, அஞ்சல் துறை 2025இல் நூல்களுக்கென்று தொடங்கிய 'ஞான் போஸ்ட்' சேவை 300 கிராமிலிருந்து 5 கிலோ வரையிலான கட்டுகளைக் குறைந்த கட்டணத்தில் ஏற்கிறது.

எதை வாங்குவது, எதை மறுப்பது

நாற்பது பிள்ளைகள் உள்ள இல்லத்திற்கு இருநூறு புத்தகம் தொடக்கத்திற்குப் போதும். அதில் பாதியாவது படக்கதையாக இருக்கட்டும். எல்லோரும் கேட்கக்கூடியவற்றில் இரண்டு மூன்று பிரதிகள் வாங்குங்கள். கிரிக்கெட், வாகனம், பாம்பு, சமையல், பல்லாங்குழியிலிருந்து சதுரங்கம் வரையான விளையாட்டு என்று தகவல் நூல்களுக்குத் தாராளமாக இடம் கொடுங்கள், ஏனென்றால் கதையே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களில் பலர் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். மூத்த பிள்ளைகளுக்கு நாவல்களும், உடலைப் பற்றியும் சட்ட உரிமைகளைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லும் நூல்களும் தேவை.

வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் நன்கொடைகளைப் பெறுவதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாளன்று அதைக் கொடுப்பீர்களா? பழைய பாடநூல், போட்டித்தேர்வுக் கையேடு, அட்டையில்லாத வார இதழ்த் தொகுப்பு, யாரோ விடையெழுதிவிட்ட பயிற்சிப் புத்தகம் ஆகியவற்றை நன்றியுடன் திருப்பி அனுப்பிவிடுங்கள். மறுத்தால் நன்கொடையாளர் மனம் கோணுவார் என்று வாங்கி வைத்துக்கொள்வதால், அலமாரி நிறைந்து புத்தகம் மறைந்துவிடுகிறது.

அம்மாவைப் பற்றிய கதைகளை என்ன செய்வது என்று எல்லாப் புதிய தொண்டர்களும் கேட்கிறார்கள். அவற்றை எல்லாம் விலக்கிவிட்டால் உலகத்தின் பாதிக் கதைகள் போய்விடும், அதோடு அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா என்ற நினைப்பே கூடாது என்று நாமே முடிவு செய்ததாகவும் ஆகும். ஆகவே அவை இருக்கட்டும். பாட்டி வளர்க்கும் குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை, சித்தப்பாவோடு இருக்கும் குழந்தை என்று பலவகைக் குடும்பங்களும் கூடவே இருக்கட்டும். நாங்கள் கட்டாயமாக விலக்குவது வேறு ஒரு வகை: பெற்றோரற்ற குழந்தையைப் பரிதாபத்திற்குரியதாகக் காட்டி, யாரோ ஒரு பணக்காரர் வந்து மீட்பதாக முடியும் கதைகள். அம்மா கதையைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பதற்கு முன் இல்லத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அலமாரியும் நூலும்

மூன்றரை அடிக்கு மேல் உயரமில்லாத இரும்பு அலமாரி வாங்கி, சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வைத்து, பிள்ளைகள் ஏறினாலும் சாயாதபடி இரும்புப் பட்டை கொண்டு சுவரோடு இறுக்குங்கள். மரப்பலகையைச் சுவரில் அடித்தால் கரையானுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. வாரம் ஒருமுறை அலமாரியின் பின்புறம் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதைக் குழந்தைகள் குழுவின் வேலையில் சேர்த்துவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு ஜூன் மாதச் சாரல் ஜன்னல் வழியே உள்ளே அடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னலோரத்தில் அலமாரி வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் வைத்து, சில மாதத்திற்கொருமுறை மாற்றுங்கள். பாச்சை உருண்டை கூடவே கூடாது. மிட்டாய் என்று எடுத்து வாயில் போடக்கூடிய சிறு பிள்ளைகள் இருக்கும் இடம் அது, விழுங்கினால் நஞ்சு. முதுகு மட்டும் தெரிய அடுக்கிய புத்தகம் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வெறும் சுவர்தான். ஆகவே நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் படக்கதைகளை அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். வாரந்தோறும் தொங்குவதை மாற்றுங்கள்.

படக்கதைகள் பெரும்பாலும் ஸ்டேப்ளர் பின் அடித்தவை. மழைக்காலம் ஒன்றிரண்டு கடந்ததும் பின் துருப்பிடித்து, நடுத்தாள் பழுப்பேறி உதிரும். புத்தகம் வந்த அன்றே பின்னை நெம்பி எடுத்துவிட்டுத் தைத்துவிடுவது நல்லது. நடுப்பக்கத்தைத் திறந்து, மடிப்பின்மேல் நடுவில் ஒன்றும் மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளையிடுங்கள். கெட்டி நூல் கோத்த ஊசியை உட்புறமிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, மேல்துளை வழியே உள்ளே கொண்டுவந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியேற்றி, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே வாருங்கள். நூலின் இரு முனைகளும் நீளத் தையலுக்கு இருபுறமும் வரும்படி வைத்து முடிச்சிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதை ஒருமுறை பார்த்தாலே செய்கிறார்கள். கிழிந்த பக்கத்திற்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய தாளும் வெள்ளைப் பசையும் போதும்.

வகைப்படுத்த எண் முறைகள் வேண்டாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறது. அதுபோல நான்கு வண்ண நாடாக்கள் போதும். நாடாவை முன்னட்டையில் ஒட்டாமல் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் எந்த நிறத்தை எடுக்கிறான் என்பதை மற்றவர்கள் கவனிப்பார்கள்.

இரவல் பதிவேட்டிற்கு ஒரு நீளக் குறிப்பேடு, பெயர், புத்தகம், எடுத்த நாள், திருப்பிய நாள். அவ்வளவுதான். அபராதமும் பரிசும் இரண்டுமே தேவையில்லை. அதிகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், மெலிந்த புத்தகங்கள் வேகமாக நகரும், வேறொன்றும் நடக்காது.

ஆட்களும் நாட்களும்

ஒரு கல்வியாண்டு முழுவதும், அதாவது ஜூன் முதல் மார்ச் வரை, குறித்த கிழமையில் வரக்கூடிய இருவர் கிடைத்தால் தொடங்குங்கள். பிறந்தநாளுக்குக் கேக்குடன் வந்து மறைந்துபோகும் விருந்தினர்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் போதிய அளவு பழக்கம். தொண்டர் எவரும் ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, காவல்துறைச் சரிபார்ப்பு இல்லாமல் எவரையும் அனுப்பக் கூடாது. தெரிந்தவர், நல்லவர் என்ற விதிவிலக்கு எதுவும் வேண்டாம். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது; அன்று தொடங்கினால் பள்ளியிலும் பேச்சு இருக்கும். ரிப்பன், மேடை, பொன்னாடை ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, அன்றே இரவல் கொடுக்கத் தொடங்குங்கள். கேரள மாநில நூலகக் கவுன்சிலோடு இணைந்த கிராம நூலகங்களில் 'பாலவேதி' என்ற சிறுவர் பிரிவு இயங்குவதுண்டு; பக்கத்து நூலகத்தில் இருந்தால் கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதியோடு பிள்ளைகளை உறுப்பினராக்கி மாதம் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போங்கள். ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவது இல்லத்துக்குள் எவ்வளவு நல்ல நூலகம் அமைத்தாலும் கிடைக்காத ஒன்று.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: வருமானவரிச் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான், பொருளாகத் தரும் புத்தகத்திற்கு இல்லை, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கும் சலுகை கிடைக்காது. வெளிநாட்டு நிதி வரும் என்றால் அதற்கான பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

ஏப்ரலில் பள்ளி மூடியதும் பல பிள்ளைகள் எல்லை தாண்டி உறவினர் வீட்டிற்குப் போவார்கள். ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். சில திரும்பாது, அதற்கும் கணக்கில் இடமிருக்கட்டும். குழந்தை எங்கே வளர வேண்டும் என்று சட்டப்படி முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி நிரந்தரமாகக் குடும்பத்திடம் செல்லும் பிள்ளைக்கு, அதுவே தேர்ந்தெடுத்த ஒரு புதுப் புத்தகத்தை முத்திரையில்லாமல் கொடுத்து, போகும் ஊரின் கிளை நூலகம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மே மாதம் இல்லம் பாதி காலியாக இருக்கும்போது இருப்பெடுப்பை முடித்துவிடலாம்: ஒருவரும் எடுக்காதவற்றைத் தனியே பிரித்து வேறு இல்லத்திற்கு மாற்றுங்கள், கிழிந்துபோனவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு ஜூலைத் திருவிழாவில் முதலில் அவற்றையே மறுபடியும் வாங்குங்கள்.